பெயரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்

சோழவந்தானில் எங்கள் கம்ப்யூட்டர் சென்டருக்கு வரும் பிள்ளைகள் மூன்று பேர் நல்ல காரியம் ஒன்றில் இறங்கியிருக்கிறார்கள். கடிதம், கணக்கு எழுத உதவும் லிப்ரே ஆபீஸ் என்ற மென்பொருளின் மூல நிரலை எடுத்து, தமிழில் மனுவும் கடிதமும் கணக்கும் எழுதுகிறவர்களுக்குத் தோதாக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். திறந்தவுடன் தமிழ்99 விசைப்பலகை, தாலுகா ஆபீஸ் மனுவுக்கு அச்சு மாதிரி, தமிழில் மெனு. நிரலை யாரும் எடுத்து மாற்றலாம், உரிமம் அனுமதிக்கிறது. ஆனால் மாற்றியதை லிப்ரே ஆபீஸ் என்ற பெயரிலேயே வெளியிட முடியாது. "பேரை கடைசியில பாத்துக்கலாம் சார்" என்றார்கள். கூடாது என்றேன்.

ஏன் என்பதற்கு அந்த மென்பொருளின் கதையே போதும். 2000-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் தன் ஸ்டார் ஆபீஸ் மென்பொருளின் நிரலை எல்லாரும் எடுத்துக்கொள்ளத் திறந்துவிட்டது. அதற்கு ஓப்பன் ஆபீஸ் என்று பெயர். அந்தப் பெயரை வேறொருவர் முன்பே பதிந்து வைத்திருந்ததால், பின்னால் ஒரு '.ஆர்க்' (.org) ஒட்டித்தான் அதிகாரப்பூர்வமாக வைத்தார்கள். பிரேசிலில் அதுவும் செல்லவில்லை, அங்கே பிஆர் ஆபீஸ் ஆனது. அப்புறம் 2010-இல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் என்ற இன்னொரு நிறுவனம் வாங்கியது. நிரல் எழுதியவர்களில் பலர் அதே ஆண்டு செப்டம்பரில் தனி அறக்கட்டளை தொடங்கி வெளியே வந்தார்கள். பழைய பெயரைக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டார்கள், கிடைக்கவில்லை. அதுவரைக்கும் இருக்கட்டும் என்று வைத்த தற்காலிகப் பெயர்தான் லிப்ரே ஆபீஸ். அதுவே நிலைத்துவிட்டது. பழைய பெயர் 2011-இல் அப்பாச்சி என்ற வேறொரு மென்பொருள் அறக்கட்டளைக்குப் போனது.

பத்து வருஷம் பாடுபட்டு உலகத்தின் வாயில் ஏற்றிய பெயர். உழைத்தவர்கள் நிரலோடு வெளியே வந்தார்கள், பெயர் வேறு வீட்டில் தங்கிவிட்டது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

இதன் விளைவை நான் தினமும் பார்க்கிறேன். வெற்றிலை மண்டிக் கணக்கு எழுதும் அண்ணன் ஒருவர் போன மாதம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தம்பி, ஒங்க கடையில இருக்கிறது வேற மாதிரி இருக்கு, எனக்கு வேற மாதிரி வருது." பார்த்தால், 'ஓப்பன் ஆபீஸ்' என்று தேடி அந்தப் பெயரில் இருந்ததை இறக்கியிருக்கிறார். நான்தான் பழக்கதோஷத்தில் அவரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். அவர்மேல் தப்பே இல்லை. வாயில் ஏறிய பெயர் லேசில் இறங்காது. மதுரையில் சித்திரைத் தேர் இன்றைக்கும் மாசி வீதிகளில்தான் ஓடுகிறது. மாசித் திருவிழாவைச் சித்திரைக்கு மாற்றி முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் தெருவின் பெயர் மாறவில்லையே. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு எம்.ஜி.ஆர். பெயர் வைத்தாயிற்று, கண்டக்டர் இன்னும் மாட்டுத்தாவணி என்றுதான் கூவுகிறார்.

சரி, என்ன பெயர்? ஒரு பையன் 'இலவச ஆபீஸ்' என்றான். நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. ஆங்கிலத்தில் ஃப்ரீ என்றால் காசில்லாததும் அதுதான், சுதந்திரமும் அதுதான். அந்தக் குழப்பம் வேண்டாமென்றுதான் அவர்கள் பிரெஞ்சிலும் ஸ்பானிஷிலும் இருக்கிற லிப்ரே என்ற சொல்லை எடுத்தார்கள். நமக்கு அந்தச் சிக்கலே கிடையாது. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. கையில் இருக்கும் தெளிவை நாமே ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

அடுத்து 'எழுத்தாணி'. அருமையான சொல், மனசுக்குப் பிடித்திருந்தது. ஆனால் எங்கள் பக்கம் வாழைப்பழமே வாளப்பளம்தான். ஆங்கில எழுத்தில் தேடுகிறவர் ழ-வுக்கு என்ன போடுவார்? ஒருவர் ஒரு மாதிரி, இன்னொருவர் வேறு மாதிரி. தேடிக் கிடைக்காத மென்பொருளை யார் நிறுவுவார்கள்? 'ஏடு' என்று வைத்தால், ஆங்கிலத்தில் எழுதும்போது ஏதோ கல்லூரி இணைய முகவரி மாதிரி ஆகிவிடுகிறது.

அதுவரை பேசாமல் இருந்த திருவேடகத்துப் பெண் நோட்டில் 'ஏடகம்' என்று எழுதி என் பக்கம் திருப்பினாள். சம்பந்தர் வைகையில் விட்ட ஏடு நீரை எதிர்த்துப் போய்க் கரை சேர்ந்த இடம் என்று சொல்லப்படும் ஊர் அவளுடையது. நான்கே எழுத்து, ழ-வும் இல்லை, ள-வும் இல்லை. வெற்றிலை மண்டி அண்ணனிடம் சொல்லச் சொன்னேன், ஒரே தடவையில் சொன்னார். 'ஆபீஸ்' என்ற வால் கூட வேண்டாம் என்பது என் கட்சி. வீட்டுக் கணக்கும் கல்யாணப் பத்திரிகையும் எழுதுகிறவருக்கு ஆபீஸ் எதற்கு?

எந்தப் பெயரானாலும், வெளியிடுவதற்கு முன்பே வணிகக் குறியீட்டுப் பதிவில் 9-ஆம் வகுப்பில் தேடிப் பார்த்துவிட வேண்டும், மென்பொருள் அதில்தான் வரும். பதிவதும் என் பெயரிலோ மூவரில் ஒருவர் பெயரிலோ இருக்கக் கூடாது. சிறியதாக ஓர் அறக்கட்டளை தொடங்கி அதன் பெயரில் பதிய வேண்டும். நாளைக்கு ஒருவர் வேலை கிடைத்துப் போகலாம், இன்னொருவருக்கு மனஸ்தாபம் வரலாம். பெயர் வேலை செய்கிறவர்களோடு இருக்க வேண்டும். செலவில் என் பங்கை நான் போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஏடகம் என்ற பெயரில் ஏற்கெனவே யாராவது மென்பொருள் வைத்திருப்பது தெரிந்தால் இங்கே சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முடிவு செய்யப் போகிறோம்.