கையும் தலையும் முடிந்த பிறகு வந்தவர்

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளின் வினாடிவினாப் போட்டியில் நடந்ததைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். வீடியோ எல்லாருடைய போனிலும் சுற்றி முடிந்துவிட்டது. மேடையில் நின்றது யாருடைய பிள்ளை என்பதும் தெரிந்துவிட்டது. மூன்று நாளாக உள்பெட்டியில் ஒரே வசனம்: "விடுங்கோ அண்ணை, சின்னப்பிள்ளையளின்ர போட்டிதானே."

சின்னப்பிள்ளைகளின் போட்டிதான். அதனால்தான் விட முடியவில்லை.

சுதந்திரச் சிலையைச் செய்தவர் யார் என்று கேட்டார்கள். பிள்ளை ஒகுஸ்த் பர்த்தோல்டி என்றாள். நடுவர் அட்டையைப் பார்த்தார், சிரித்தார், "ஈபிள் கோபுரம் கட்டினவர்தானேயம்மா, இது தெரியாதே?" என்றார். மண்டபமும் சேர்ந்து சிரித்தது. ஒரு புள்ளி போனதை நான் எப்போதோ மறந்திருப்பேன். சரியான பதில் சொன்ன பிள்ளையைப் பார்த்து இருநூறு பேர் சிரித்ததை எப்படி மறப்பது என்று யாராவது சொல்லித் தந்தால் நல்லது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 1876இல் பிலடெல்பியாக் கண்காட்சியில் சிலையின் தீப்பந்தம் பிடித்த கை மட்டும் நின்றது. சனம் உள்ளே ஏறிப் பந்தத்தடியில் நின்று புதினம் பார்த்தது. பிறகு அந்தக் கை நியூயோர்க் மடிசன் சதுக்கத்துக்குப் போய் 1882 வரை அங்கே இருந்தது. 1878இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் தலையை வைத்தார்கள். அப்போது சிலையின் உள்கட்டுமானத்துக்குப் பொறுப்பு வியோலே-லெ-துக் என்ற கட்டிடக் கலைஞர். 1879இல் அவர் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் ஈபிளைக் கூப்பிட்டார்கள். கையும் முடிந்து தலையும் முடிந்த பிறகு வந்தவர் எப்படி ஐயா சிலை செய்தவர் ஆவார்?

அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் 1879 பெப்ரவரி 18ஆம் தேதி பதிந்த வடிவமைப்பு உரிமம் இருக்கிறது, இலக்கம் 11,023. யாருடைய பெயரில் என்று பாருங்கள். அட்டை எழுதினவர்களுக்குப் பார்க்க நேரம் இருந்திருக்காது, பாவம். மண்டபம் அலங்கரிக்க வேண்டும், பொன்னாடை வாங்க வேண்டும்.

"ஈபிள் இல்லாவிட்டால் அது நின்றிருக்குமோ?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நின்றிருக்காது. ஒப்புக்கொள்கிறேன். கடல்காற்றுக்கும் வெயிலுக்கும் செம்புத்தோல் அசைந்து கொடுக்கிற மாதிரி உள்ளே இரும்புச் சட்டகம் போட்டது அவருடைய நிறுவனம். கணக்குப் பார்த்தது அங்கே வேலை செய்த மொரிஸ் கேக்லன் என்ற இளைஞர். அதே கேக்லனும் எமில் நூகியே என்பவரும்தான் 1884இல் ஈபிள் கோபுரத்தின் முதல் வரைபடத்தையும் போட்டார்கள். அப்படியென்றால் "ஈபிள் கோபுரம் கட்டினவர்" என்ற வசனத்தையே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். அடுத்த வருடக் கேள்விக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம்.

ஈபிள் எலும்பு கொடுத்தார். முகமும் கையும் சேலை மடிப்பும் (சேலை இல்லைதான், பிள்ளைக்கு நான் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன்) பர்த்தோல்டியுடையது.

இங்கே பாரிசில், லாச்சப்பலில் மரக்கறி வாங்கிக்கொண்டு 2ஆம் இலக்க மெத்ரோவில் ஏறினால் கூர்செல் வரும். இறங்கிக் கொஞ்சம் நடந்தால் ஷசெல் தெரு. அங்கேதான் அந்தச் சிலையைச் செய்த பட்டறை இருந்தது. முதலில் களிமண்ணில் சின்ன உரு. அதைச் சாந்தில் பெருக்கி, பிறகு அதையும் பெருக்கி, கடைசியாக முழு அளவில் துண்டு துண்டாகச் சாந்து உரு. அதன் மேல் மரச்சட்டம் அடித்து, அந்தச் சட்டத்துக்குள் செம்புத் தகட்டை வைத்து, உட்பக்கத்திலிருந்து சுத்தியலால் தட்டித் தட்டி வளைத்தெடுத்தார்கள். தகட்டின் தடிப்பு 2.4 மில்லிமீற்றர். எங்கள் குசினியில் இருக்கிற நல்ல தாச்சி அதைவிடத் தடிப்பு. அந்தத் தோலோடுதான் 46 மீற்றர் உயரத்துக்கு ஒரு பெண் எழும்பினாள். 1884இல் முழுதாகப் பூட்டியபோது சுற்றியிருந்த வீட்டுக் கூரைகளுக்கு மேலால் தெரிந்தாள். பிறகு கழற்றி, இருநூறுக்கு மேற்பட்ட பெட்டிகளில் அடைத்து, இஸேர் என்ற கப்பலில் அனுப்பினார்கள். 1885 ஜூனில் நியூயோர்க் போய்ச் சேர்ந்தது.

போய்ச் சேர்ந்தபோது அங்கே பீடம் முடியவில்லை. காசு இல்லை. புலிட்சர் தன் பத்திரிகையில் கெஞ்சியும் ஏசியும் எழுதி ஒரு லட்சம் டொலருக்கு மேல் சேர்த்தார். கொடுத்தவர்கள் 1,20,000 பேருக்கு மேல், பெரும்பாலும் ஒரு டொலரிலும் குறைவாக. இந்தப் பக்கம் பிரான்சிலும் சனத்திடம் தண்டின காசுதான், லொத்தர்கூட நடத்தினார்கள். 1871இலிருந்து 1886 வரை பதினைந்து வருடம் இந்த மனிதன் இரண்டு கடற்கரையிலும் ஓடித் திரிந்தான். அதைத்தான் மண்டபம் சிரித்தது.

இப்போது கொஞ்சம் என் கதை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இந்த நாட்டுக்கு வந்து கோப்பை கழுவினவன். எழுத வெட்கமில்லை. கழுவிக் கழுவி, வெங்காயம் உரித்து, மீன் வெட்டி, எட்டாவது வருடம் அடுப்புக்கு வந்தேன். ஒரு மாதம் செஃப் நாரிப்பிடிப்பில் படுத்துவிட்டார். அந்த மாதம் மீனுக்கு நான் ஒரு சோஸ் வைத்தேன், கொஞ்சம் பழப்புளி கரைத்துவிட்டு. யாரோ சாப்பிட்டுவிட்டுப் பத்திரிகையில் எழுதினார்கள், செஃப்புக்குப் புளிப்பைக் கையாளுகிற நுட்பமான கை இருக்கிறதாம். செஃப் திரும்பி வந்து அதை வெட்டி, கண்ணாடிச் சட்டம் போட்டு, சுவரில் மாட்டினார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்தக் கண்ணாடியைத் துடைத்தது நான். நாலு வருடம். சண்டை பிடிக்கவில்லை. விசா இருந்த இருப்பில் என்ன சண்டை.

ஆகவே "பேரில என்ன இருக்கு அண்ணை" என்று எழுதின தம்பிக்கு: உன் பெயரை ஒருமுறை இன்னொருத்தன் சட்டம் போட்டு மாட்டட்டும், பிறகு கதைப்போம்.

உடனே வரப்போகிற அடுத்த கேள்வி தெரியும், ஏனென்றால் அதை என் மகளே கேட்டுவிட்டாள். "அப்பா, அந்தச் செம்பை அடிச்ச ஆக்களின்ர பேர் என்ன?" பட்டறையின் பெயர் கஷே-கோத்தியே. அது முதலாளிகளின் பெயர். மற்றது... அது வேறு கதை. வேண்டுமென்று வேறு கதையாக்குகிறேன் என்று நினைத்தால் நினையுங்கள். எல்லாரையும் ஒரே பதிவில் காப்பாற்ற என்னால் முடியாது.

"பர்த்தோல்டி, சிற்பி ரோதன் மாதிரிப் பெரிய கலைஞர் இல்லையே" என்று படித்த ஒருவர் எழுதியிருந்தார், தனிமடலில். இல்லைத்தான். ரோதனைப் பார்க்க மியூசியத்தில் டிக்கெட் எடுக்க வேண்டும். பர்த்தோல்டியைப் பார்க்க வேலைக்குப் போகிற வழியே போதும். கார் து நோர் ஸ்டேஷனில் ஆர்ஈஆர் பி ரயில் எடுத்து டான்பேர்-ரோஷ்ரோவில் இறங்கி வெளியே வாருங்கள், நடுறோட்டில் சிங்கம் படுத்திருக்கும். அதன் மூத்தது பெல்போரில் மலையடியில் இருக்கிறது, செந்நிற மணற்கல்லில் 22 மீற்றர் நீளம், 11 மீற்றர் உயரம். 103 நாள் முற்றுகையைத் தாங்கின ஊருக்காகச் செய்தது. லியோனில் நாலு குதிரை பாய்கிற நீரூற்று, பொர்தோவுக்கென்று நினைத்துக் கடைசியில் 1892இல் லியோனுக்குப் போனது. கிளெர்மோன்-பெரானில் குதிரையில் பறக்கிற வேர்சென்ஜெத்தோரி, ரோமரை எதிர்த்த பழைய கோல் இனத் தலைவன். வாஷிங்டனில் ஒரு நீரூற்று, 1877இல் அமெரிக்க அரசு 6,000 டொலருக்கு வாங்கியது. எல்லாம் தெருவில். மழையில், புறா எச்சத்தில்.

அவருடைய சொந்த ஊர் கொல்மாரில் அட்மிரல் புருவாவுக்குச் செய்த நினைவுச்சின்னத்தில் ஓர் ஆபிரிக்க மனிதனின் உருவம் இருந்தது. அந்த முகத்தின் சோகத்தைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த ஓர் அல்சாஸ் பொடியன் பிறகு டாக்டராகி ஆபிரிக்காவுக்கே போனான். அல்பேர்ட் சுவைட்சர். தானே எழுதி வைத்திருக்கிறார். கலைஞன் இல்லையாம்!

"சுயஸ் கால்வாய்க்குப் போட்ட பழைய பிளானைத்தானே அமெரிக்காவுக்கு வித்தவர்?" இதுவும் வந்தது. 1869இல் எகிப்தின் இஸ்மாயில் பாஷாவிடம் விளக்கு ஏந்திய ஒரு பெண்ணின் உருவைக் கொண்டுபோனார், கலங்கரை விளக்கமாக. செலவு தாங்காது என்று பாஷா விட்டுவிட்டார். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று பர்த்தோல்டி மறுத்தார். நான் நம்பவில்லை, சிரிப்புத்தான் வந்தது. இருக்கட்டுமே. மத்தியானம் விற்காத கறியை இரவுக்கு வேறு மாதிரி இறக்கத் தெரியாதவன் சமையல்காரனா?

போன கோடையில் பிள்ளையைக் கொல்மாருக்குக் கூட்டிப்போனேன். மர்ஷான் தெரு 30ஆம் இலக்கம், அவர் 1834இல் பிறந்த வீடு, இப்போது மியூசியம். இரண்டு வயதில் தகப்பன் போய்விட்டார். தாய் சார்லோத் பிள்ளைகளைப் பாரிசுக்குக் கூட்டி வந்து படிப்பித்தாள். சுதந்திரச் சிலையின் முகம் அந்தத் தாயின் முகம் என்றுதான் சொல்வார்கள். 22 வயதில் சொந்த ஊரில் ஜெனரல் ராப்பின் சிலையை நிறுத்தினார். 1870இல் ஜெர்மனியரோடு யுத்தம் வந்தது, அவரும் போனார். தோற்றார்கள். 1871இல் கொல்மார் இருக்கிற அல்சாஸ் மாகாணம் ஜெர்மனிக்குப் போனது. அதே வருடம்தான் அவர் கப்பலேறி நியூயோர்க் துறைமுகத்தைப் பார்க்கிறார், அந்தத் தீவைப் பார்த்து இங்கேதான் என்று முடிவெடுக்கிறார்.

இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். ஊர் போய்விட்டது. பிறந்த வீடு இன்னொரு நாட்டில். அந்த மனிதன் இன்னொரு கரையில் போய் சுதந்திரத்துக்கு விளக்குப் பிடிக்கிறான். 1904 ஒக்டோபர் 4ஆம் தேதி பாரிசில் காசநோயில் இறந்தார். கொல்மார் திரும்பிப் பிரான்சோடு சேர்ந்தது 1918இல். பார்க்கவில்லை. 1940இல் நாஜிகள் வந்து புருவா சின்னத்தையும் உடைத்தார்கள், அதையும் பார்க்கவில்லை, நல்ல காலம். "எங்கட ஆக்களைப் பற்றி எழுதாமல் வெள்ளைக்காரனுக்கு ஏன் இவ்வளவு" என்று கேட்டவரே, நான் யாரைப் பற்றி எழுதுகிறேன் என்று நினைக்கிறீர்கள்?

எங்கே தொடங்கினேன், எங்கே நிற்கிறேன். சரி.

1886 ஒக்டோபர் 28, திறப்பு விழா. மழை. செனட்டர் எவர்ட்ஸ் பேசி முடிக்க முதலே பர்த்தோல்டி முகத்தை மூடியிருந்த கொடியை விழுத்திவிட்டார். பீரங்கியும் கப்பல் சங்கும் முழங்கி மிச்சப் பேச்சு ஒருவருக்கும் கேட்கவில்லை. பிறகு அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். மாட்டேன் என்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை என் பிள்ளையிடம் மைக்கைக் கொடுத்து "வேற ஏதும் சொல்லப் போறியோ?" என்று நடுவர் கேட்டாரே, அவளும் தலையை ஆட்டிவிட்டு இறங்கினாள். வீட்டில் வந்தும் அழவில்லை. நான்தான் குசினிக்குள் போய் நின்றேன்.

ஆம், என் பிள்ளை என்றபடியால்தான் இவ்வளவு எழுதுகிறேன். வேறு பிள்ளையாக இருந்திருந்தால் ஒரு சோகப் பொம்மை போட்டுவிட்டுப் போயிருப்பேன். ஒத்துக்கொண்டாயிற்று. அதற்காக ஈபிள் சரியாகிவிடமாட்டார்.

கோப்பை வேண்டாம். புள்ளியும் வேண்டாம். அட்டையை மட்டும் திருத்துங்கள், அடுத்த வருடம் அந்த மேடையில் வேறு பிள்ளைகள் ஏறும்.

நாளைக்கு எனக்கு லீவு. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மொன்பர்னாஸ் இடுகாட்டுக்குப் போகிறேன், அவர் அங்கேதான் இருக்கிறார். வருகிற ஆட்கள் வரலாம். காலை பத்து மணி, டான்பேரில் சிங்கத்துக்கு முன்னால்.