தெரிந்தே செய்யும் ஃபவுல்

வேண்டுமென்றே ஃபவுல் செய்வது கூடைப்பந்தில் ஓர் உத்திதான், டிஸ்க் என்ற தட்டை எறிந்து பிடித்து ஆடும் குழு விளையாட்டான அல்டிமேட் ஃபிரிஸ்பீயிலும் அதை ஏற்கலாம் என்கிறது ஒரு கட்டுரை. என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கூடைப்பந்தில் நடுவர் உண்டு, ஃப்ரீ த்ரோ உண்டு, சர்வதேச விதிப்படி 5 ஃபவுல் ஆனால் வெளியே. அல்டிமேட்டில் உலக சாம்பியன்ஷிப் வரை வீரர்களேதான் நடுவர்கள். யாரும் தெரிந்தே விதியை மீற மாட்டார்கள் என்று நம்பித்தான் கடுமையான தண்டனையே வைக்கவில்லை.

நீளமாக எறியப் போகிறவரின் கையை மார்க்கர், அதாவது அவரைத் தடுத்து நிற்கும் எதிரணி வீரர், தட்டிவிட்டால் என்ன ஆகும்? ஆட்டம் நிற்கும், டிஸ்க் எறிபவரிடமே இருக்கும், சரி. ஆனால் தடுப்பவரை முந்தி ஓடிய சக வீரரின் வேகம் அங்கேயே போச்சு. லாபம் தட்டியவருக்குத்தான். அப்புறம், நேர்மையாக ஆடியதற்கு எதிரணி தரும் ஸ்பிரிட் மதிப்பெண்ணில் ஒன்றிரண்டு குறைத்தால் போன பாயிண்ட் திரும்பி வருமா? தட்டியவருடைய கேப்டனே அந்த இடத்திலேயே அவரைக் கண்டிக்க வேண்டும்.