நன்றாக நடந்த வகுப்பைப் பற்றியும் கேளுங்கள்

ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு வேலை தெரிவதில்லை, பாடத்திட்டம் பழையது, இயந்திரங்கள் பழுது என்று, தொழிற்பயிற்சி நிலையங்களைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை அடுக்கும் குறைகளை நான் மறுக்கவில்லை. பெங்களூரு பீன்யாவில் லேத் பட்டறை நடத்தும் எனக்கு அவை பழகியவைதான். ஆனால் குறைகளை மட்டுமே தோண்டினால் பயிற்றுநர்கள் வாயே திறப்பதில்லை. பழி யார் தலையில் விழும் என்ற பயம்தான் மிஞ்சுகிறது.

அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் டேவிட் கூப்பர்ரைடரும் சுரேஷ் ஸ்ரீவஸ்தவாவும் 1980களில் உருவாக்கிய ‘அப்ரிஷியேட்டிவ் இன்கொயரி’ என்ற ஆய்வு முறை வேறு இடத்தில் தொடங்குகிறது: இங்கே எது நன்றாக நடந்தது, யாரால், எப்படி? அதைக் கண்டறிந்து, அது எங்கும் நடந்தால் எப்படியிருக்கும் என்று கனவு கண்டு, திட்டமிட்டு, நடைமுறைக்குக் கொண்டுவருகிறார்கள்.

என்னிடம் தொழில் பழகுநராக வந்த ஓசூர்ப் பையன் ஒருவன் வெர்னியர் காலிப்பர் என்ற நுண்ணளவுக் கருவியில் 0.02 மில்லிமீட்டர் வரை தடுமாறாமல் அளந்தான். எப்படி என்று விசாரித்தேன். அவனுடைய ஆசிரியர், தொழிற்சாலைகள் கழித்துவிட்ட உதிரிபாகங்களை மேசையில் பரப்பி, “இதை ஏன் கழித்தார்கள், அளந்து சொல்” என்பாராம். கன்னடம் புரியாத பிள்ளைகளுக்குத் தமிழிலும் விளக்குவாராம். செலவே இல்லாத பயிற்சி! அவரிடம் இதைப் பற்றி எந்த ஆய்வுக் குழுவாவது கேட்டிருக்குமா?

பழுதான இயந்திரத்துக்குப் பணம்தான் வேண்டும்; அதை அரசு தந்தே ஆக வேண்டும். பாடத்திட்டத்தைத் திருத்தும்போது மட்டும், படித்து முடித்த பிள்ளைகளையும் எங்களைப் போன்ற சிறு பட்டறைக்காரர்களையும் அழைத்து, எந்தப் பாடம் கைகொடுத்தது என்று கேளுங்கள். பட்டறையை ஒரு நாள் மூடிவிட்டு வர நான் தயார்.