கரண்டு முதலில் வந்தது, ஆலைகள் பெருகியது அப்புறம்தான்

தலைக்கு எத்தனை யூனிட் மின்சாரம் என்று மாநில வாரியாகப் பட்டியல் போட்டு, அதிகம் செலவழிக்கிற மாநிலம்தான் அதிகம் வளர்ந்தது என்று அடித்துச் சொல்லும் பதிவுகளை நிறையப் பார்க்கிறேன். அதில் உண்மை இல்லாமல் இல்லை. பின்னாளில் சீனப் பிரதமரான லீ கச்சியாங், 2007-ல் லியாவ்னிங் மாகாணக் கட்சிச் செயலாளராக இருந்தபோது, உள்நாட்டு உற்பத்திப் புள்ளிவிவரத்தை விட மின்சாரச் செலவு, ரயில் சரக்கு, வங்கிக் கடன் மூன்றையும்தான் பார்ப்பேன் என்று அமெரிக்கத் தூதரிடம் சொன்னதாக வெளியானது. ஆலை ஓடினால் மீட்டர் ஓடும், அதை மறைப்பது கஷ்டம்.

ஆனால் எது எதைக் கொண்டுவந்தது என்று அந்த எண் சொல்லாது. பிரிட்டனில் 2005-க்குப் பிறகு மின்சாரச் செலவு இறங்கிக்கொண்டே வந்தது, பொருளாதாரம் மொத்தத்தில் பெரிதாகத்தான் ஆனது.

எங்கள் கோயம்புத்தூரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நூற்பாலை 1888-லேயே வந்துவிட்டது. சுற்றிலும் பருத்தி விளைந்தது, நூலுக்குத் தறிகள் காத்திருந்தன. இருந்தும் நாற்பது வருடம் கழித்தும் ஆலைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். நீராவி இயந்திரத்துக்கு நிலக்கரி வெகுதூரத்திலிருந்து வரவேண்டும். 1932-ல் நீலகிரியில் பைக்காரா ஆற்றுத் தண்ணீரைச் சுமார் 3,000 அடி இறக்கி மின்சாரம் எடுத்தார்கள். அந்தப் பத்தாண்டிலேயே ஆலைகள் வரிசையாக எழுந்தன. ஆலைக்கு ரிப்பேர் பார்க்கப் பட்டறைகள் வந்தன, அந்தப் பட்டறைகளின் கைப்பழக்கத்தில் கிணற்று மோட்டாரும் பம்பும் செய்யும் தொழில் ஊன்றியது. இங்கே மின்சாரம் வளர்ச்சிக்குப் பின்னால் வரவில்லை, முன்னால் போய்க் கதவைத் திறந்தது.

அதே ஊர்தான் 2008-லிருந்து 2013 வரை மின்வெட்டில் தவித்தது. 2012-ல் சில நாள்கள் 12 மணி நேரத்துக்கு மேல் கரண்டு கிடையாது. சித்தப்பாவின் லேத்து (இரும்பைக் கடையும் இயந்திரம்) பட்டறையில் அப்போது நின்று பார்த்திருக்கிறேன். ஷாஃப்டில் டூல் கடைந்துகொண்டிருக்கும்போதே கரண்டு போகும். டூல் இரும்பில் பதிந்தபடி நிற்கும், முனை உடையும், பாதி முடிந்த ஜாப் ஸ்கிராப்புக்குப் போகும். ஜெனரேட்டர் போட்டால் யூனிட்டுக்கு இரண்டு மூன்று மடங்கு செலவு, ஜாப் ஒர்க், அதாவது அடுத்தவர் ஆர்டருக்குச் செய்துகொடுக்கும் வேலை, அந்தக் கூலியில் அது கட்டாது. ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்டு வந்தால் ஆட்களை எழுப்பி வேலை நடக்கும். வெளிமாநிலத் தொழிலாளர்கள், கூலி பாதியானதும் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள்.

அந்த ஐந்து வருடத்தின் யூனிட் பட்டியலை எடுத்துப் பாருங்கள், இது எதுவும் அதில் இருக்காது. கொடுத்த மின்சாரம் மட்டும்தான் அதில் ஏறும். கேட்டும் கிடைக்காததற்கும், கைவிட்ட ஆர்டருக்கும், விற்றுப்போன மெஷினுக்கும் மீட்டர் கிடையாது. ஜெனரேட்டர் வாங்கிய பணமும் இன்வெர்ட்டர் வாங்கிய பணமும் உற்பத்திக் கணக்கில் சேர்ந்துகொள்ளும். அதையும் வளர்ச்சி என்று எண்ணுவதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

2013 டிசம்பர் 31 அன்று தென் மாநிலங்களின் மின்கம்பி வலையான தென்னக மின்தொகுப்பு தேசியத் தொகுப்போடு இணைந்தது. புதிய மின் நிலையங்களும் ஓடத் தொடங்கின, பற்றாக்குறை படிப்படியாக அடங்கியது. 2024 மே மாதம் தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியபோதும் தொகுப்பு தாங்கியது. இதைப் பாராட்டத்தான் வேண்டும்.

சரி, இன்றைக்கு என்ன பிரச்சினை? நிலைக்கட்டணம், அதாவது கரண்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் இணைப்புக்காகக் கட்டும் தொகை. 2022 செப்டம்பர் மின்கட்டண உயர்வுக்குப் பிறகு, மெஷின் ஓடாத மாதத்திலும் சிறு பட்டறைக்காரர் கட்டவேண்டிய தொகை கூடிவிட்டது. 2023 செப்டம்பரில் குறு, சிறு தொழில் அமைப்புகள் ஒருநாள் கதவடைப்பு நடத்தியபோதும் இது முக்கியக் கோரிக்கையாக இருந்தது. ஆர்டர் குறைந்த மாதத்தில் யூனிட் குறையும், நிலைக்கட்டணம் குறையாது. அந்த மாதங்களில்தான் சின்னப் பட்டறைகள் மூடப்படுகின்றன. மின்வாரியத்தின் நஷ்டம் எனக்கும் தெரியும், அதை யாராவது சுமக்கத்தான் வேண்டும். ஆனால் இரண்டு லேத்து வைத்திருப்பவரின் தலையில் அதை வைக்காதீர்கள். சின்ன இணைப்புகளுக்கு ஓடிய யூனிட்டுக்கு மட்டும் பணம் வாங்குங்கள்.