மார்கழி வந்தாச்சு, போர்டிகோ வரல

ஸ்ரீவைகுண்டம் பக்கம் தாமிரபரணிக் கரையில வீடு. முன்னாடி ஒரு போர்டிகோ, நாலு தூணு ஒரு கூரை, அவ்வளவுதான் கேட்டேன். ஐப்பசியில ஆரம்பிச்சது, மார்கழி பிறந்தும் தூணுக்குத் தோண்டுன குழியத் தாண்டல! மூணடி தோண்டுனா ஊத்து கிளம்புது, மோட்டார் வச்சு இறைச்சா மறுநாள் காலையில மறுபடியும் ரொம்பிக் கெடக்கு, அந்த டீசலுக்கெல்லாம் யாரு காசு கொடுப்பா? வாங்கி வச்ச சிமெண்ட் ஈரக்காத்துல கட்டிதட்டிப் போச்சு, ஜல்லி சேத்துல புதைஞ்சு போச்சு, கம்பி துருப்பிடிக்குது. கொத்தனாருக்கு போன் போட்டா "வானம் வெளுக்கட்டும் அண்ணாச்சி, நாளைக்கு வந்துருதோம்"ங்காரு. எந்த நாளைக்கு? வெயில் அடிக்கிற ஒரு நாளும் வேற சைட்டுக்குப் போயிருதாங்க.

2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சே, அப்போ ஆறு ஊருக்குள்ள வந்ததுல பழைய திண்ணை போச்சு, அதுக்குப் பதிலாத்தான் இதையே கட்டுதேன். இப்பவும் ராத்திரி மழைச் சத்தம் கேட்டா தூக்கம் வரமாட்டேங்கு. அம்மா தினமும் அந்தக் குழிக்கு மேல போட்ட பலகையில நடந்துதான் வெளிய வாராங்க, வழுக்கி விழுந்தா யாருய்யா பதில் சொல்லுவா?