சுவரைத் தூக்கும் முன் ஒரு சேலைன்

மலையில் இந்த வாரமும் மழை விடவில்லை. அதனால்தான் பெரியப்பாவைப் பற்றி எழுதுகிறேன்.

அன்று இரவு ஒரு மணி இருக்கும். பின்பக்கத்து மண்மேடு சரிந்து, லயத்துச் சுவரை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் சுவரை, அவர் படுத்திருந்த காம்பராவுக்குள் தள்ளிவிட்டது. வெள்ளைக்காரன் காலத்துக் கல் சுவர். இரண்டு கால்களும் தொடைவரை அதற்கடியில். லயத்து ஆட்கள் எல்லோரும் மண்வெட்டி, அலவாங்கு, வெறுங்கை என்று தோண்டியும் ஆறு மணிக்குத்தான் வெளியே எடுக்க முடிந்தது. அவ்வளவு நேரமும் அவர் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தார். மாட்டுக்குப் புல் போட்டாச்சா என்றுகூடக் கேட்டார். பிழைத்துவிட்டார் என்று கும்பிட்டோம். ஆஸ்பத்திரியில் அவருக்குச் சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனது. மூன்றாம் நாள் போய்விட்டார்.

"காலில் அடிபட்ட மனுசன் எப்படிச் செத்தார்?" என்று பெரியம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். பதில் எனக்கு வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது.

தசை மணிக்கணக்கில் நசுங்கிக் கிடந்தால் சிதைந்துபோகும். பாரத்தைத் தூக்கியதும் அதிலிருந்து பொட்டாசியமும் மயோகுளோபின் என்ற புரதமும் ரத்தத்தில் பாயும். பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடலாம். அதில் தப்பினாலும் மயோகுளோபின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அந்தப் பிளேன்டீ நிறம் அதுதான். 1941 இல், லண்டனில் குண்டுவீச்சில் இடிந்த வீடுகளிலிருந்து மீட்டவர்களிடம் கண்டு பைவாட்டர்ஸ், பீல் என்ற வைத்தியர்கள் இதை எழுதிவைத்துவிட்டார்கள். 1999 மர்மரா நிலநடுக்கத்துக்குப் பிறகு துருக்கியில் 400க்கும் மேற்பட்டவர்களுக்கு டயலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது.

ஆகவே வைத்தியம் ஆஸ்பத்திரி வாசலில் தொடங்கினால் பிந்திவிடும். முடிந்தவரை சுவருக்கடியிலேயே தொடங்க வேண்டும். ஆள் உள்ளே கிடக்கும்போதே கையில் ஊசி குத்தி, சிறுநீரகத்தைக் காக்கச் சாதாரண சேலைன் என்ற உப்புநீரை, பெரியவர்களுக்கு முதலில் மணிக்கு ஒரு லீட்டர் அளவில் ஏற்றுவதுதான் முறை. பொட்டாசியம் கலந்த ஹார்ட்மன் என்ற ஏற்றுநீர் கூடாது. தெம்புக்கு என்று நாம் ஓடிப்போய்க் கொடுக்கும் செவ்விளநீரும் கூடாது, அதில் பொட்டாசியம் நிறைய. இன்னும் இடிந்து விழும் ஆபத்து இருந்தால் சேலைனுக்காகக் காத்திருக்காமல் ஆளை எடுத்துவிட வேண்டும், அது வேறு.

2014 அக்டோபர் 29 இல் இலங்கை மலையகத்தின் மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் போனபின், நாங்கள் பாதுகாப்பான இடத்தில் காணியும் வீடும் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்த வீடு வரும்வரை மழை காத்திருக்காதே! ஒவ்வொரு தோட்டத்து மருந்துக் காம்பராவிலும் நாலு போத்தல் சேலைன், இரவிலும் கூப்பிட்டால் வந்து அதை ஏற்றத் தெரிந்த ஒருவர். இதையும் சேர்த்துக் கேட்போம். தலைவர்மாரே, அடுத்த பேச்சுவார்த்தையில் இதை வையுங்கள்.

அப்புறம், ஆம்புலன்சுக்கு 1990 என்ற எண்ணை அழைக்கும்போது "சுவர் விழுந்துவிட்டது" என்பதோடு நிறுத்தாதீர்கள். ஆள் நசுங்கிக் கிடக்கிறார், இத்தனை மணிக்கு விழுந்தது என்று சொல்லுங்கள். அந்த நேரத்தை ஒரு துண்டில் எழுதி அவரோடேயே அனுப்புங்கள்.

பெரியப்பாவின் துண்டில் "கால் காயம்" என்று மட்டும்தான் இருந்தது. ஐந்து மணிநேரம் சுவருக்கடியில் கிடந்தவர் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. தோட்ட லொறியில் அவரோடு போனது நான்தான்.