பூட்ஸைக் கழுவிட்டு உள்ளே வாங்க

போன ஞாயிறு எங்கள் நியூசிலாந்து ஆக்லாந்து வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தர் 'கிட்டேகிட்டே' என்கிற அருவியின் படம் போட்டிருந்தார். நல்ல படம். கூடவே ஒரு வரி: "பூட்ஸ் கழுவ வரிசை நின்னுது, ஓரமா புகுந்து போயிட்டோம், யாரும் பாக்கல." அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயிறு எரிந்தது. குழுவில் சண்டை போட்டால் அடுத்த பொங்கல் விழாவரைக்கும் அது ஓடும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்காக: ஆக்லாந்துக்கு மேற்கே வைட்டாக்கரே மலைத்தொடர். அதில் 16,000 ஹெக்டேருக்கு மேல் பிராந்தியப் பூங்கா. பூங்கா என்றதும் ஊஞ்சல், சறுக்குமரம் என்று நினைத்துவிடாதீர்கள். அசல் மழைக்காடு. பிஹா கடற்கரைக்குப் போகிற வழியில் கிளென் எஸ்க் சாலை முடிகிற இடத்தில் காரை நிறுத்தி, ஓடையை ஒட்டியே ஒரு அரை மணி, முக்கால் மணி நடந்தால் கிட்டேகிட்டே. சுமார் 40 மீட்டர் உயரம். ஒரேயடியாக விழாமல், படி படியாக இறங்கிப் பாவாடை விரித்த மாதிரி குளத்தில் சேரும். பக்கத்திலேயே கரேகரே அருவி, காரிலிருந்து இறங்கி ஐந்து நிமிடம்தான், வயசானவர்களும் போகலாம். இன்னொரு பக்கம் ஃபேரி அருவி. அதற்குப் படி நிறைய, முட்டி வலிக்காரர்கள் யோசித்துப் போங்கள்.

பாதை தொடங்குகிற இடத்தில் பூட்ஸ் கழுவ வைத்திருக்கிற அந்தப் பிரஷ்ஷும் மருந்துத் தண்ணீரும் எதற்கு என்பதுதான் விஷயம்.

இந்தக் காட்டின் ராஜா கௌரி மரம். ஆயிரம் வருடத்துக்கு மேல் நின்று வாழக்கூடிய மரம். போன வருடம் அப்பா தென்காசியிலிருந்து வந்திருந்தபோது மரத்தின் பேரைச் சொன்னேன். "கௌரியா? எங்க அக்கா பேருல்லா" என்று நின்றுவிட்டார். அதற்கப்புறம் வழி நெடுக அவருக்கு அது மரமில்லை, அக்காதான். "அந்தா நிக்கா பாரு" என்பார். கிளையில்லாமல் தூண் மாதிரி நேராகப் போய், உச்சியில் மட்டும் விரிந்து நிற்பாள் அந்த அக்கா.

அவளுக்கு ஒரு நோய் வந்திருக்கிறது. பைட்டோப்தோரா அகதிடிசிடா என்று ஒரு நுண்ணுயிர். மண்ணில் இருக்கிறது, ஈரத்தில் நீந்திப் போய் வேரைப் பிடிக்கிறது. கௌரியின் மெல்லிய உண்ணும் வேர்கள் நிலத்தின் மேல்மட்டத்திலேயே, சருகுக்கு அடியில் பரவிக் கிடக்கும். அதனால்தான் மரத்தடியில் போய் நிற்பதே அதற்குக் கேடு. வேர் அழுகினால் தண்ணீரும் சத்தும் மேலே ஏறாது. உச்சி வெளிறும், இலை உதிரும், எலும்புக்கூடு மாதிரி நிற்கும். தடுப்பு ஊசி மாதிரி மரத்தில் பாஸ்பைட் என்கிற ரசாயனத்தை ஏற்றி நோயின் வேகத்தைக் குறைக்கிறார்கள். முழுதாகக் குணமாக்க மருந்து கிடையாது. இந்தக் கிருமி பரவுவதற்குக் குண்டூசித் தலையளவு மண் போதும்.

குண்டூசித் தலையளவு. நம் பூட்ஸின் அடிப்பள்ளத்தில் எவ்வளவு மண் இருக்கிறது என்று ஒரு தடவை குத்தி எடுத்துப் பாருங்கள்.

அன்றைக்கு அப்பா அதைத்தான் செய்தார். நான் பிரஷ்ஷில் நாலு தேய் தேய்த்துவிட்டு மருந்தை மிதித்து நகர்ந்தேன். திரும்பிப் பார்த்தால் அவர் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு பூட்ஸைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, குச்சியால் பள்ளம் பள்ளமாக மண்ணை நெம்பிக்கொண்டிருந்தார். மஞ்சள் களிமண், புட்டு மாதிரி உதிர்ந்தது. "அப்பா, போதும்ப்பா" என்றேன். "வெத்தலைக் கொடிக்காலுக்குள்ள செருப்புப் போட்டுட்டு விடுவானா? வேர் அழுகல் வந்துட்டுன்னா ஒரு கொடிக்காலே போயிரும்மா" என்றார். அவருடைய தாத்தா கொடிக்கால் வைத்திருந்தவர். எனக்கு அறிவிப்புப் பலகையைப் படித்துக்கூட உறைக்காதது அவர் சொன்னதும் உறைத்தது.

கொஞ்ச தூரத்தில் நோய் கண்ட மரம் ஒன்றையும் பார்த்தோம். அடிமரத்தில் பிசின் வடிந்து, காய்ந்து, வெள்ளையும் மஞ்சளுமாகக் கட்டி தட்டிப்போயிருந்தது. முருங்கையில் பிசின் வடிகிற மாதிரிதான், ஆனால் இது ஆள் உயரத்துக்கு. அப்பா பலகைப் பாதையில் நின்றபடியே ரொம்ப நேரம் அதைப் பார்த்தார். அக்கா என்ற பேச்சை அதற்கப்புறம் எடுக்கவில்லை.

இப்போது குழுவில் வழக்கமாக வருகிற கேள்விகளுக்கு வருகிறேன். "காட்டுப் பன்னி மண்ணைக் கிளறிட்டுத் திரியுதே, அது கால் கழுவுதா?" பன்றியும் பரப்புகிறதுதான், அதைக் கட்டுப்படுத்தவும் வேலை நடக்கிறது. ஆனால் 2017இல் வந்த அறிக்கையைப் பாருங்கள்: நோய் கண்ட இடங்களில் 70 சதவீதத்துக்கு மேல் நடைபாதையிலிருந்து 50 மீட்டருக்குள் இருந்தன. ஐந்தே வருடத்தில் பாதிப்பு 8 சதவீதத்திலிருந்து 19 ஆகியிருந்தது. பன்றி பாதை பார்த்தா நடக்கிறது?

"அதான் பரவிடுச்சே, இனிமே கழுவி என்ன?" இது அதைவிட மோசமான பேச்சு. 2021இல் எடுத்த கணக்கெடுப்பில் நோய்க்கிருமி பெரும்பாலும் காட்டின் ஓரங்களில்தான் தென்பட்டது. உட்பகுதியில் நோயில்லாத கௌரிகள் இன்னும் நிற்கின்றன. காப்பாற்ற இன்னும் நிறைய மிச்சமிருக்கிறது.

காட்டை மூடியதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 டிசம்பரில் இந்த மண்ணின் பூர்வகுடியான மாவோரிகளில் ஒரு பிரிவினரான தே கவெராவ் ஆ மாகி மக்கள் காட்டின்மேல் 'ராஹுயி' வைத்தார்கள். காடு ஆறுகிறவரை யாரும் உள்ளே வராதீர்கள் என்கிற மரபுத் தடை. நம்மூரில் காப்புக் கட்டினால் ஊரே ஒரு கட்டுக்குள் வருமே, ஐயனார் கோயில் காட்டில் சுள்ளி ஒடிக்கக்கூட ஆள் யோசிப்பானே, அது மாதிரி என்று புரிந்துகொள்ளுங்கள். நகர மன்றம் 2018 மே மாதம்தான் காட்டுப் பகுதியை முறைப்படி மூடியது. அப்புறம் சேறு படாமல் நடக்கப் பலகையும் சரளையும் போட்டு, ஒவ்வொரு பாதையாகத் திறந்தார்கள். ஃபேரி அருவிப் பாதை வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. அன்றைக்கு எனக்கும் கோபம்தான். வரி கட்டுகிறோம், வாரக்கடைசியில் நடக்க ஒரு இடமில்லையா என்று கத்தியிருக்கிறேன். இன்றைக்குச் சொல்கிறேன், மூடியது சரி. இன்னும் முன்னாலேயே மூடியிருக்க வேண்டும்.

ஏற்கெனவே இந்த மரங்கள் பட்டது போதும். 19ஆம் நூற்றாண்டில் கப்பலுக்கும் வீட்டுக்கும் என்று வெட்டித் தள்ளினார்கள். இந்த மலை ஓடைகளில் மரத்தால் அணை கட்டி, தண்ணீர் நிறைந்ததும் திறந்துவிட்டு, வெட்டிய மரங்களை வெள்ளத்தோடு அடித்து இறக்கினார்கள். அதில் தப்பியதும் அதற்கப்புறம் முளைத்ததும்தான் இப்போது நிற்பவை.

மாவோரிகள் ஒரு கதை சொல்வார்கள். கௌரியும் திமிங்கிலமும் உடன்பிறப்புகள். என்னோடு கடலுக்கு வா என்று திமிங்கிலம் கூப்பிட்டதாம். கௌரி வரவில்லை. பிரிகிறபோது இரண்டும் தோலை மாற்றிக்கொண்டனவாம். அதனால்தான் கௌரிக்குச் சாம்பல் நிறத்தில் மெல்லிய பட்டை, உள்ளே எண்ணெய் மாதிரி பிசின். கூப்பிட்டும் போகாமல் இங்கேயே நின்ற மரம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குளத்தில் இறங்குகிறவர்கள் தண்ணீரைப் பார்த்து இறங்குங்கள். குற்றாலத்துக்காரரான எங்கப்பா அருவியை நிமிர்ந்து பார்ப்பதற்கு முன்னால் தண்ணீரின் நிறத்தைத்தான் பார்த்தார். "கலங்கி, இலை தழை வர ஆரம்பிச்சா ஒரு நிமிசம் நிக்கப்படாது, ஏறிரணும்" என்றார். மேலே மலையில் பெய்கிற மழை கீழே நிற்கிறவனுக்குத் தெரியாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் வெயில் காலத்தில் வந்த வெள்ளம் ஒரு பள்ளிப் பையனைக் கொண்டுபோனது. 2023 பிப்ரவரியில் கேப்ரியல் புயல் இந்தப் பிஹா, கரேகரே மலைகளைச் சரித்துப்போட்டதை நாமே பார்த்தோம். அருவி உச்சியில் பாசிப் பாறையில் நின்று படம் எடுக்கவே எடுக்காதீர்கள்.

வருகிற ஞாயிறு நானும் பிள்ளைகளும் கிட்டேகிட்டே போகிறோம். காலை ஒன்பது மணிக்கு கிளென் எஸ்க் சாலைக் கடைசியில் இருப்போம். வருகிறவர்கள் வீட்டிலேயே பூட்ஸைக் கழுவிக் காயவைத்து எடுத்து வாருங்கள். பழைய பல் தேய்க்கிற பிரஷ் ஒன்று காரில் கிடக்கட்டும். குழந்தையைத் தள்ளுவண்டியில் கூட்டிவந்தால் சக்கரத்தையும், கைத்தடி இருந்தால் அதன் முனையையும் கழுவ வேண்டும். நாயைக் கொண்டுவராதீர்கள். உள்ளே போகும்போது ஒரு தடவை, வெளியே வரும்போது ஒரு தடவை. வரிசை நீளமாக இருந்தால் நிற்போம். புளியோதரை நான் கொண்டுவருகிறேன்.